பிரிட்டனில் கடைக்கு ஓர் ஆள்: சம்பளப் பட்டியலா, ஜீரோ அவர்ஸா, செல்ஃப் எம்ப்ளாய்டா, ஏஜென்சியா?

கணவனும் மனைவியும் மாறி மாறிக் கல்லாவில் நின்று நடத்திய கடை. வியாபாரம் கூடிவிட்டது, வாரம் 24 மணி நேரத்துக்கு, 21 வயது நிரம்பிய ஓர் ஆள் வேண்டும். பிரிட்டனில் இந்தக் கட்டத்துக்கு வரும் முதலாளியிடம் நாலு வழி சொல்வார்கள். முறையாகச் சம்பளப் பட்டியலில் சேர்த்து நிரந்தர மணிநேரம் கொடுப்பது ஒன்று. ஜீரோ அவர்ஸ் ஒப்பந்தத்தில் தேவைப்படும்போது மட்டும் கூப்பிடுவது இன்னொன்று. 'நீ செல்ஃப் எம்ப்ளாய்ட், இன்வாய்ஸ் கொடு' என்று சொல்லிப் பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிடுவது மூன்றாவது. தற்காலிக ஆள் அனுப்பும் ஏஜென்சியிடம் ஆள் வாங்குவது நாலாவது.

மூன்றாவதுதான் மலிவு, முதலாவதுதான் தலைவலி என்ற எண்ணம் கடைக்காரர்களிடையே ஊறிப்போயிருக்கிறது. கணக்கு வேறு மாதிரி வருகிறது. கல்லாவில் நிற்கும் ஆளைப் பொறுத்தவரை மூன்றாவது மலிவும் இல்லை, பெரும்பாலும் சட்டப்படி அப்படியொரு வழியே இல்லை. கீழே வரும் தொகைகள் எல்லாம் 2026 ஏப்ரல் 6 முதல் 2027 ஏப்ரல் 5 வரையிலான வரியாண்டுக்கு உரியவை.

முதல் வழியின் முழு விலை

21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.71 பவுண்டு. 24 மணி நேரத்துக்கு வாரம் 305.04 பவுண்டு, 52 வாரத்துக்கு 15,862 பவுண்டு. ஆண்டுக்கு 5.6 வாரச் சம்பள விடுப்பு இந்த 52 வாரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆகவே அவர் கடையில் நிற்கப்போவது 46.4 வாரம், அதாவது சுமார் 1,114 மணி நேரம்.

அடுத்து முதலாளியின் நேஷனல் இன்சூரன்ஸ், அதாவது கொடுக்கும் சம்பளத்தின் மேல் முதலாளி அரசுக்குக் கட்டும் பங்கு. 2025 ஏப்ரலில் இது 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமானது. அது தொடங்கும் எல்லையும் 9,100 பவுண்டிலிருந்து 5,000 பவுண்டுக்கு இறங்கியது. சிறு முதலாளிகள் ஆள் எடுக்கவே பயந்ததற்கு இந்த இரட்டை அடிதான் காரணம். நம் ஆளுக்கு இது ஆண்டுக்கு 1,629 பவுண்டு வருகிறது. ஆனால் அதே நாளில் எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் 5,000 பவுண்டிலிருந்து 10,500 பவுண்டாக உயர்ந்தது பலர் காதுக்கு எட்டவில்லை. முதலாளி கட்ட வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸில் முதல் 10,500 பவுண்டை அரசு விட்டுக்கொடுக்கிறது. இதே மணிக்கணக்கில் ஆறு பேரை வைத்தாலும் இந்தச் சலுகைக்குள் அடங்கிவிடும். கடை லிமிடெட் கம்பெனியாக இருந்து, கணவன் மனைவி இருவரும் இயக்குநர்களாக ஆளுக்கு 12,570 பவுண்டு சம்பளம் எடுத்தால் அவர்களுக்கு 2,271 பவுண்டு போகும். புதிய ஆளையும் சேர்த்தால் 3,900 பவுண்டு. அப்போதும் கையிலிருந்து கட்ட வேண்டியது எதுவும் இல்லை.

இந்தச் சலுகை தானாக வராது. ஒவ்வொரு வரியாண்டும் சம்பள மென்பொருளிலிருந்து பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சிக்குப் போகும் இபிஎஸ் என்ற முதலாளி அறிக்கையில் 'கோருகிறேன்' என்று குறிக்க வேண்டும். போன வருடம் குறித்தோமே என்று விட்டுவிடுகிறவர்கள் வெறுமனே பணத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு இடங்களில் இது கிடைக்காமல் போகும். ஒரே இயக்குநர் உள்ள கம்பெனியில் 5,000 பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்குபவர் அவர் ஒருவரே என்றால் கிடையாது. 5,000 தாண்டிச் சம்பளம் வாங்கும் இன்னொருவர் சேர்ந்ததும் தகுதி வந்துவிடும். அதேபோல் ஒரே குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இரண்டு கம்பெனிகள் இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அலவன்ஸ்தான். லண்டனில் ஹாரோவில் ஒரு கடை, ஈஸ்ட் ஹாமில் ஒரு கடை, தனித்தனி கம்பெனி என்று வைத்துக்கொண்டு இரண்டிலும் கோரினால் ஒன்றைத் திருப்பிக் கட்டும்படி ஆகும்.

ஓய்வூதியம் மிச்சம். 22 வயது முதல் அரசு ஓய்வூதிய வயது வரை உள்ளவர் ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல், அதாவது வாரம் 192 பவுண்டுக்கு மேல் வாங்கினால் அவரைத் தானாகச் சேர்த்தாக வேண்டும். 6,240 பவுண்டைத் தாண்டிய சம்பளத்தில் முதலாளி பங்கு குறைந்தது 3 சதவீதம். தொழிலாளியின் பங்கையும் சேர்த்து மொத்தம் 8 சதவீதம் ஆக வேண்டும். நம் ஆளுக்கு முதலாளி செலவு ஆண்டுக்கு 289 பவுண்டு.

கூட்டினால் 16,151 பவுண்டு. நின்ற மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 14.50 பவுண்டு. எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் இல்லாத முதலாளிக்கு இதே ஆள் மணிக்கு 15.97 பவுண்டு. மற்ற வழிகளை 14.50 என்ற எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும், 12.71 ஓடு ஒப்பிடுவதில்தான் முதல் பிழை நடக்கிறது.

நோய் விடுப்புச் செலவு இதற்கு மேல். 2026 ஏப்ரலிலிருந்து, நோய் விடுப்பின் முதல் நாளுக்கே நோய்க்காலச் சம்பளம் உண்டு. முன்பு இருந்த மூன்று நாள் காத்திருப்பும், குறைந்தபட்ச வருமான எல்லையும் போய்விட்டன. வாரம் 123.25 பவுண்டு அல்லது சராசரிச் சம்பளத்தில் 80 சதவீதம், எது குறைவோ அது. நம் ஆளுக்கு 123.25, வாரம் எட்டு மணி நேரம் மட்டும் வருபவருக்கு 81.34. அரசிடமிருந்து இதைத் திரும்பப் பெற முடியாது.

ஜீரோ அவர்ஸ்: மலிவு இல்லை, நெகிழ்வு மட்டும்

ஜீரோ அவர்ஸில் விடுப்புச் சம்பளம் கிடையாது என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உண்டு. மணிநேரம் மாறி மாறி வருபவருக்கு, வேலை செய்த மணி நேரத்தில் 12.07 சதவீதம் விடுப்பாகச் சேர்கிறது. 5.6 வாரத்தை 46.4 வாரத்தால் வகுத்தால் வரும் எண்தான் இந்த 12.07. ஆகவே 12.71 பவுண்டோடு 12.07 சதவீதம் சேர்த்தால் மணிக்கு 14.24, ஆண்டில் அதே 1,114 மணி நேரத்துக்கு அதே 15,862 பவுண்டு. நிரந்தர மணிநேர ஆளுக்கும் இவருக்கும் வித்தியாசமே இல்லை. நேஷனல் இன்சூரன்ஸ், ஓய்வூதியம், நோய்க்காலச் சம்பளம், பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) எல்லாம் அதேதான்.

2024 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்போ தொடங்கும் விடுப்பாண்டுகளில், இந்த 12.07 சதவீதத்தை ஒவ்வொரு சம்பளத்தோடும் சேர்த்தே கொடுத்துவிட அனுமதி உண்டு. பேஸ்லிப்பில் தனி வரியாகக் காட்ட வேண்டும், 'மணிக்கு 14.24, எல்லாம் சேர்த்து' என்று ஒரே வரியில் எழுதினால் விடுப்புச் சம்பளம் கொடுத்ததாகவே ஆகாது. இன்னொன்று: இந்தச் சலுகை மணிநேரம் மாறுபவர்களுக்கும் ஆண்டின் ஒரு பகுதி மட்டும் வேலை செய்பவர்களுக்கும் மட்டுமே. வெள்ளி, சனி, ஞாயிறு தலா எட்டு மணி நேரம் என்று மாறாமல் வரும் பகுதிநேர ஆளுக்கு இப்படிச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. அவர் விடுப்பு எடுக்கும்போது சம்பளம் கொடுக்க வேண்டும்.

பண்டிகை வாரங்களில் மட்டும் கூட்டம் அள்ளும் கடைக்கு, வேறு வேலையும் பார்க்கும் ஒருவரை இப்படி வைப்பது இரு பக்கத்துக்கும் பொருந்தலாம். வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை 2015 முதல் செல்லாது என்பது நினைவிருக்கட்டும். ஒவ்வொரு வாரமும் அதே 24 மணி நேரம் வரப்போகிற ஆளுக்கு இந்த ஒப்பந்தம் தேவையற்றது. எம்ப்ளாய்மென்ட் ரைட்ஸ் ஆக்ட் 2025, வழக்கமாக வேலை செய்யும் மணிநேரத்துக்கு உத்தரவாத ஒப்பந்தம் தர வேண்டும் என்ற கடமையை அடுத்த கட்டத்தில் கொண்டுவருகிறது. அன்றைக்கு மாற்றி எழுதுவதை இன்றே எழுதிவிடுவது நல்லது.

செல்ஃப் எம்ப்ளாய்ட்: இங்கேதான் கடைகள் சிக்குகின்றன

மணிக்கு 13 பவுண்டு, விடுப்பு இல்லை, ஓய்வூதியம் இல்லை. 1,114 மணி நேரத்துக்கு 14,477 பவுண்டு. முதல் வழியைவிட ஆண்டுக்கு 1,674 பவுண்டு குறைவு. பார்க்க இனிக்கும் எண்தான்.

ஆனால் ஒருவர் சுயதொழில் செய்கிறாரா என்பதை முதலாளியும் தொழிலாளியும் கைகுலுக்கி முடிவுசெய்ய முடியாது. வேலை நடக்கும் விதம்தான் அதைத் தீர்மானிக்கிறது. எப்போது வர வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது யார்? தனக்குப் பதிலாக வேறொருவரை அவர் அனுப்ப முடியுமா? கருவிகள் யாருடையவை? நட்டம் வந்தால் யாருக்கு? கடையில் நேரம் உங்களுடையது, கல்லா உங்களுடையது, விலை உங்களுடையது. அன்று விற்பனை இறங்கினாலும் அவருக்கு மணிக்கணக்குப் பணம் வந்துவிடும். இதில் சுயதொழில் எங்கே இருக்கிறது? ஃபிரிட்ஜ் பழுது பார்க்க வருபவர், பல கடைகளுக்குக் கண்ணாடி துடைப்பவர், உங்கள் அக்கவுன்டன்ட் ஆகியோர் உண்மையான சுயதொழில்காரர்கள். தங்கள் விலையைத் தாங்களே சொல்கிறார்கள், வேலை கெட்டுப்போனால் தங்கள் செலவில் திருத்துகிறார்கள்.

காகிதம் காப்பாற்றாது என்பதை உச்ச நீதிமன்றம் 2011-லேயே ஆட்டோகிளென்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. கார் கழுவித் துடைத்தவர்களின் ஒப்பந்தத்தில் 'சுயதொழில்' என்றும், 'மாற்றாள் அனுப்பலாம்' என்றும் எழுதியிருந்தது; நடைமுறை அப்படி இல்லை என்று நீதிமன்றம் ஒப்பந்த வரிகளை ஒதுக்கியது. 2021-இல் ஊபர் டாக்சி ஓட்டுநர்களின் வழக்கிலும் அதே போக்கு. சந்தேகம் உள்ள வேலைக்கு எச்எம்ஆர்சி இணையதளத்தில் உள்ள, சுயதொழிலா இல்லையா என்று சொல்லும் செஸ்ட் கருவியில் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் கொடுத்து, முடிவைச் சேமித்து வையுங்கள். உண்மையான விவரம் கொடுத்திருந்தால் அந்த முடிவை எச்எம்ஆர்சி ஏற்றுக்கொள்ளும்.

மாட்டினால் என்ன ஆகும் என்பதை நம் ஆளை வைத்தே பார்க்கலாம். இரண்டு ஆண்டில் சேமித்தது 3,348 பவுண்டு. சம்பளமில்லாமல் அவர் எடுத்த விடுப்புக்கு எம்ப்ளாய்மென்ட் டிரிபியூனல் என்ற தொழிலாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டால், ஆண்டுக்கு 5.6 வாரம், 24 மணி நேரம், 13 பவுண்டு வீதம் இரண்டு ஆண்டுக்கு 3,494 பவுண்டு. சேமிப்பு முழுவதும் இந்த ஒரு தலைப்பிலேயே போய்விட்டது. விடுப்பு உரிமையையே மறுத்திருந்தால், ஆண்டுக்கு நான்கு வாரப் பகுதி பல ஆண்டுகளுக்குச் சேர்ந்து வேலையை விடும்போது கொடுக்க வேண்டியதாகும். பிம்லிகோ பிளம்பர்ஸ் வழக்கில் 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் சொன்னது.

அது தொழிலாளியின் பக்கம். எச்எம்ஆர்சி பக்கம் தனி: பிடிக்காமல் விட்ட வருமான வரி, தொழிலாளியின் நேஷனல் இன்சூரன்ஸ், முதலாளியின் நேஷனல் இன்சூரன்ஸ், வட்டி, அபராதம். கேட்பது முதலாளியிடம்தான். சாதாரணப் பிழைக்கு 4 ஆண்டு, கவனக்குறைவுக்கு 6, தெரிந்தே செய்ததற்கு 20 ஆண்டு வரை பின்னோக்கிப் போக முடியும். ஓய்வூதிய ஆணையமும் விட்டுப்போன பங்களிப்பைக் கேட்கும். தொழிலாளியின் பங்கையும் முதலாளியே கட்டும்படி சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு.

மணிக்கு 10 பவுண்டு ரொக்கமாகக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு மணிக்கும் 2.71 பவுண்டு பாக்கி, ஓராண்டுக்கு 3,018 பவுண்டு. அபராதம் பாக்கியில் 200 சதவீதம், ஆளுக்கு 20,000 பவுண்டு உச்சவரம்பு. 14 நாளுக்குள் கட்டினால் பாதி. பழைய ஆண்டுகளின் பாக்கியைக்கூட இன்றைய விகிதத்தில் கணக்கிடுவார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட கடைகளில் வேலை செய்கிறார்கள் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யவே கூடாது. அவரை 'செல்ஃப் எம்ப்ளாய்ட்' என்று எழுதுவது உங்கள் வரிக் கணக்கோடு நிற்பதில்லை, அவருடைய விசாவையே உடைக்கிறது. பட்டப்படிப்பு மாணவருக்குக் கல்லூரி நடக்கும் நாள்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான்; எல்லா வேலைகளையும் சேர்த்து, திங்கள் முதல் ஞாயிறு வரை கணக்கு. நம் 24 மணி நேர வேலைக்கு அவர் பொருந்தமாட்டார். 'இந்த ஒரு வாரம் மட்டும் 22' என்று ரோட்டாவில் (வேலைநேர அட்டவணையில்) போடுவது அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தோடு விளையாடுவது. கல்லூரியின் விடுமுறைத் தேதிகளை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். உரிமை இல்லாதவரைச் சரிபார்க்காமல் வேலைக்கு வைத்தால் ஒருவருக்கு 45,000 பவுண்டு வரை அபராதம், மறுமுறை 60,000. சரிபார்ப்பு எளிது: அவர் தன் வேலை உரிமையைக் காட்டும் ஷேர் கோடு தருவார், அரசு இணையதளத்தில் அதையும் பிறந்த தேதியையும் போட்டு, முகத்தை ஒப்பிட்டு, வரும் பக்கத்தைச் சேமிக்க வேண்டும். வேலை முடிந்து இரண்டு ஆண்டு வரை அது கோப்பில் இருக்க வேண்டும்.

ஏஜென்சி

ஏஜென்சி சொல்லும் விலையைப் பார்க்கும் முன் அவர்களுடைய அடக்கவிலையைப் போட்டுப் பாருங்கள். ஊதியமும் விடுப்பும் சேர்ந்து 14.24. பெரிய ஏஜென்சிக்கு எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் எப்போதோ தீர்ந்திருக்கும், ஆகவே, விடுப்புப் பணமும் சேர்ந்த 24 மணி நேர வாரச் சம்பளத்தில் கணக்கிட்டால், நேஷனல் இன்சூரன்ஸ் மணிக்கு சுமார் 1.54. ஓய்வூதியம் 0.28. லாபம் வைக்கும் முன்பே 16.06 பவுண்டு. மணிக்கு 16 பவுண்டுக்கு ஆள் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், யாரோ ஒருவருடைய விடுப்போ வரியோ விழுங்கப்படுகிறது என்று பொருள். விலகி நிற்பதே நல்லது.

19 பவுண்டு சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் அதற்கு 20 சதவீத வாட் சேர்ந்து 22.80. வாட் பதிவு உள்ள கடை அந்த 3.80-ஐப் பொதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 90,000 பவுண்டு வரம்புக்குக் கீழே, பதிவில்லாமல் நடக்கும் கடைக்கு முழுவதும் செலவுதான். ஆண்டு முழுக்க 14.50 எங்கே, 22.80 எங்கே. ஆனால் மனைவிக்கு அறுவைசிகிச்சை, ஆறு வாரத்துக்கு மட்டும் ஆள் தேவை என்றால் ஏஜென்சிதான் சரி. பதிவும் ஓய்வூதியமும் நோய்க்காலச் சம்பளமும் அவர்கள் பொறுப்பு. 12 வாரம் தாண்டினால் உங்கள் சொந்த ஆளுக்குச் சமமான ஊதியமும் விடுப்பும் அவருக்கும் வர வேண்டும். ஆளைப் பிடித்துப்போய் நீங்களே வேலைக்கு எடுத்தால் ஏஜென்சி ஒரு தொகை கேட்கும். அதற்குப் பதிலாக இன்னும் சில வாரம் அவர்கள் மூலமே வைத்திருந்து பிறகு கட்டணமின்றி எடுத்துக்கொள்ளும் தெரிவை ஒப்பந்தம் தந்தாக வேண்டும். கையெழுத்திடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

எதை எடுப்பது

ஆண்டு முழுக்கத் தேவை, எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் உண்டு என்றால் முதல் வழி. இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. ஒரே ஒரு அச்சம் நியாயமானது: ஆள் சரிவராவிட்டால் அனுப்ப முடியுமா? நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு இப்போது இரண்டு ஆண்டுக்குப் பின் வருகிறது. 2027 ஜனவரி முதல் ஆறு மாதத்திலேயே வந்துவிடும். ஆகவே மூன்று மாதத் தகுதிகாண் காலம் என்று எழுதி, இரண்டாம் மாதமே உட்கார்ந்து பேசி, குறைகளை எழுத்தில் கொடுக்கும் பழக்கம் வேண்டும். ஐந்தாம் மாதம் வரை முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்துவிட்டு ஏழாம் மாதம் அனுப்பினால் சிக்கல்.

மணிநேரத்தை முடிவுசெய்யும்போது இன்னொரு எல்லையையும் பாருங்கள். வாரம் 15 மணி நேரம் என்றால் 190.65 பவுண்டு, ஓய்வூதிய எல்லையான 192-க்குக் கீழே. 16 மணி நேரம் தாண்டிவிடும். இதற்காக ஒரு மணி நேரத்தை வெட்டுவது சில்லறைத்தனம். அவரே கேட்டுச் சேர்ந்தால் முதலாளி பங்கு எப்படியும் கொடுக்க வேண்டும்.

வேலை தொடங்கும் முன் செய்ய வேண்டிய வரிசை: முதலில் வேலை உரிமைச் சரிபார்ப்பு. பிறகு எச்எம்ஆர்சியில் முதலாளியாகப் பதிவு. முதல் சம்பள நாளுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் முன்கூட்டிப் பதிய முடியாது, ஆனால் எண் வரச் சில வாரம் ஆகலாம் என்பதால் கடைசி வாரம் வரை தள்ள வேண்டாம். குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு முதலாளி பொறுப்புக் காப்பீடு. இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்டு வரை அபராதம். கம்பெனியாக இல்லாத, நெருங்கிய குடும்பத்தார் மட்டும் வேலை செய்த கடைக்கு இருந்த விலக்கு, வெளியாள் வந்த அன்றே முடிந்துவிடும். எழுத்துபூர்வ வேலை விவரம் முதல் நாளே கையில் கொடுக்க வேண்டும்.

பழைய வேலையை விடும்போது அந்த முதலாளி தரும் பி45 சான்று அவரிடம் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்ற படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். இதில் ஏ, பி, சி என்ற மூன்று கூற்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். வேறு வேலையும் இருப்பவர் சி குறிக்க வேண்டும், முழுச் சம்பளத்துக்கும் 20 சதவீதம் பிடிக்கும் பிஆர் என்ற வரிக் குறியீடு வரும். அது பிடிக்காமல் வரிவிலக்கு கிடைக்கும் ஏ-யைக் குறித்துவிட்டு, ஆண்டு முடிவில் வரிப் பாக்கி வந்ததும் முதலாளியைத் திட்டுவது அடிக்கடி நடக்கிறது. நிரப்பும்போது பக்கத்தில் இருந்து விளக்கிவிடுங்கள்.

மாதாமாதம் வேலை இவ்வளவுதான்: சம்பளம் கொடுக்கும் நாளிலோ அதற்கு முன்போ யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று எச்எம்ஆர்சிக்குச் சொல்லும் எஃப்பிஎஸ் அறிக்கை அனுப்புவது, பேஸ்லிப் கொடுப்பது, பிடித்ததை அடுத்து வரும் 22-ஆம் தேதிக்குள் ஆன்லைனில் கட்டுவது. மாதச் சராசரி 1,500 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டலாம். நம் கடை அதற்குள்தான் வரும். ஒரு மாதம் யாருக்கும் சம்பளம் இல்லையென்றால் 19-ஆம் தேதிக்குள் இபிஎஸ்ஸில் அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எச்எம்ஆர்சி தானாக ஒரு தொகையை ஊகித்துக் கேட்கும். ஒன்பது பேர் வரை உள்ள முதலாளி எஃப்பிஎஸ்ஸைத் தாமதமாக அனுப்பினால் மாதத்துக்கு 100 பவுண்டு. ஆண்டின் முதல் தாமதத்துக்கு மட்டும் மன்னிப்பு உண்டு.

எச்எம்ஆர்சியின் இலவசச் சம்பள மென்பொருளான பேசிக் PAYE டூல்ஸ் பத்துப் பேருக்குக் குறைவான முதலாளிக்குப் போதும். ஆனால் அது பேஸ்லிப் அச்சிடாது, ஓய்வூதியக் கணக்கும் செய்யாது. கணினி பழகியவர் விலை குறைந்த ஒரு சம்பள மென்பொருளை வாங்கிக்கொள்ளலாம். பழகாதவர் அக்கவுன்டன்டிடமே கொடுப்பது மேல். அப்போதும் மணிநேரக் கணக்கைச் சரியாக எழுதிக் கொடுப்பது உங்கள் வேலைதான். கடை திறக்கும் முன் ஷட்டர் தூக்கும் 15 நிமிடம், மூடியபின் கல்லா எண்ணும் 15 நிமிடம், இவை வேலை நேரம். விட்டுவிட்டால் குறைந்தபட்ச ஊதியத்தில் இருக்கும் ஆள் உடனே அதற்குக் கீழே போய்விடுவார். கடைப் பெயர் போட்ட டி-ஷர்ட்டுக்குச் சம்பளத்தில் பணம் பிடித்தாலும் அதே கதி.

ஓய்வூதியத்துக்கு, அரசு அமைத்த நெஸ்ட் திட்டம் எந்தச் சிறு முதலாளியையும் மறுக்காது, முதலாளியிடம் கட்டணமும் வாங்குவதில்லை. தகுதிகாண் காலத்தோடு பொருந்தும்படி சேர்ப்பதை மூன்று மாதம் வரை தள்ளிவைக்கலாம், அதைக் கடிதத்தில் அவருக்குச் சொல்லிவிட்டு. எல்லாம் முடிந்ததும் பலர் மறப்பது ஒன்று உண்டு: ஆள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதத்துக்குள் ஓய்வூதியக் கடமையை நிறைவேற்றிவிட்டேன் என்ற இணக்க அறிவிப்பை ஓய்வூதிய ஆணையத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். பங்களிப்பு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தாலும், அந்தப் படிவம் போகாவிட்டால் 400 பவுண்டு அபராதக் கடிதம் வரலாம்.